எண்பது அடிச் சந்து

கிள்ளானில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாகுல் ஹமீதை நான் முதன்முதலில் பார்த்த அன்று, என் பிக்கப்பை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அவன் ஓடிப் போனான். முன்சக்கரம் கழன்று தரையில் கிடந்தது. நட்டு ஆறும் ஒரு மைலோ டின் மூடியில் கிடந்தன. எங்கோ ஒரு டின்னை மூன்று தடவை தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுச் சந்து வழியாகப் பறந்தான்.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். கிள்ளானில் ஏழு சாப்பாட்டுக் கடைகள், பிரிக்ஃபீல்ட்ஸில் நான்கு, பங்சாரில் இரண்டு. பதின்மூன்று கடைக்கும் காலை பத்து மணிக்குள் வாழை இலை போட்டாக வேண்டும். ஒரு இலைக்கட்டு அரை மணி வெயிலில் கிடந்தால் ஓரம் சுருண்டுவிடும், அப்புறம் கடைக்காரன் முகமும் சுருண்டுவிடும். நான் அவன் பின்னாலேயே போனேன்.

சந்து முடிகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவு. உள்ளே போனால் ஆள் நிற்கிறான். கழுத்திலிருந்து முழங்கால் வரை சிவப்பு ஏப்ரன், தோளில் துண்டு, மேசையைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன சாப்பிடுறீங்க அக்கா? தோசை சூடா இருக்கு."

கல்லாவுக்கு அருகில் சீருடையில் இரண்டு அதிகாரிகள் நின்று, வேலையாட்களின் பர்மிட் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்துவிட்டேன். 'என் வண்டியை அங்கே அந்தரத்தில விட்டுட்டு' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை கூட இல்லை. எல்லாம் முடிந்துபோச்சு என்று முடிவு கட்டிவிட்டவன் பார்க்கிற பார்வை. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "ஒரு தோசை, கெட்டிச் சட்னி" என்றேன். பசியே இல்லாமல் இரண்டு தோசை தின்றேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் இராமலிங்கத்திடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நீ வாய மூடிக்கிட்டு இருந்தியா? எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக அந்த மனிதருக்கு என் வாய்தான் வானொலி.

விஷயம் பிறகு தெரிந்தது. ஷாகுல் தொண்டிப் பக்கத்து ஆள். ஊரில் லாரி ஒர்க்‌ஷாப்பில் பத்து வருஷம் வேலை பார்த்தவன், பிரேக் வேலையில் கெட்டிக்காரன். இங்கே வர அவனுக்குக் கிடைத்த பர்மிட் சாப்பாட்டுக் கடை பர்மிட். மேசை துடைக்கலாம், தட்டு கழுவலாம், பரிமாறலாம். அதே முதலாளிக்குக் கடையின் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பும் இருந்தது. வந்த மூன்றாம் நாள் அவருடைய வேன் ஸ்டார்ட் ஆகாமல் திணறியது, இவன் போய்க் கையை வைத்தான், அது கிளம்பிவிட்டது. அன்றைக்கே அவனைப் பின்னால் அனுப்பிவிட்டார். அனுப்பியது இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பர்மிட்டில் ஒரு வேலை, கையில் வேறு வேலை என்பது பிடிபட்டால் இவனை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்ப வரவும் முடியாது. முதலாளிக்கும் கேஸ்.

அதனால்தான் அந்த ஏற்பாடு. அதிகாரிகள் யாராவது வாசலில் தெரிந்தால் தே தாரிக் டீ ஆற்றுகிறவர் பால் டின்னை மூன்று தட்டு தட்டுவார். ஏப்ரன் ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணியில் தொங்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே கட்டிக்கொள்வான். வேலை செய்யும்போது இரண்டு கைக்கும் ரப்பர் உறை. அதையும் மீறி அழுக்கு ஏறினால், சவர்க்காரத்தில் சீனியைக் கலந்து தேய்ப்பான், நகத்துக்குள் பழைய பல் துலக்கியை விட்டுக் குடைவான். நகத்தை ரத்தம் வருகிற அளவுக்கு ஒட்ட வெட்டியிருப்பான். நான் பார்த்த மெக்கானிக்குகளிலேயே கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

பாஸ்போர்ட் முதலாளியின் இரும்பு அலமாரியில். "பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்காரு அக்கா" என்பான். கடைக்கு மேலே மாடியில் ஆறு பேரோடு படுக்கை. கீழே கடை, பின்னால் சந்து, சந்து முடிவில் ஒர்க்‌ஷாப். நான்கு வருஷமாக அவன் மலேசியா அதுதான். எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குப் போவதென்றால்கூட வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புவான். ஏன் என்று கேட்டால், "பழகிருச்சு" என்பான். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டால் எரிச்சலாக வரும். அவனுக்குப் பழகியிருந்தாலும் எனக்குப் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதான் அவனுக்கு ஒரு வெளிச்சம். அந்த நேரம் ஊரில் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். மனைவி நூர்ஜஹான் போனைப் பிடித்துக்கொள்ள, அஃப்ரின் என்கிற அந்த ஐந்து வயதுக்காரி கேள்வியாகக் கேட்பாள். அவன் புறப்பட்டு வந்தபோது பத்து மாதக் குழந்தை. அப்பனை அவளுக்குப் போனுக்குள் மட்டும்தான் தெரியும். அந்த வாரம் சரி செய்த வண்டியை ஷாகுல் அவளுக்குக் காட்டுவான். லோரி, வேன், பள்ளிக்கூட பஸ். போனைப் பானட்டுக்குள் விட்டுச் சுற்றிக் காட்டி, இதுதான் இன்ஜின், இதுதான் பேட்டரி என்று பாடம் நடத்துவான். மேசை துடைப்பதை அவளுக்குக் காட்டியதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அத்தா ஒரு மெக்கானிக். மலேசியாவில் உடைந்துபோகிற வண்டியை எல்லாம் அத்தாதான் சரி செய்கிறார்.

என் பிக்கப் அவளுக்கு ரொம்பப் பரிச்சயம். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துப் பச்சை வண்டி. அதை மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து பார்த்துவிட்டாள்.

"பச்சை வண்டி திரும்ப வந்துருச்சா அத்தா?"

"வந்துருச்சும்மா."

"என்ன ரிப்பேர்?"

"பிரேக்."

"போன வாரமும் பிரேக்னீங்க."

ஷாகுல் என்னைப் பார்த்து அசடு வழிந்தான். நான் மானம் போகிற மாதிரிச் சிரித்தேன். அவனுக்கு அது உள்ளுக்குள் குத்தியிருக்கிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை.

ரிப்பேர் இதுதான். காலையில் கேரி தீவிலிருந்து கிளம்பும்போது பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். கிள்ளானைத் தாண்டிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறி, நிறுத்தி நிறுத்திப் போய்க் கோலாலம்பூரைத் தொடும்போது வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி ஓட மறுக்கும். கருகல் வாசனை வரும். அப்புறம் பிரேக் மிதி கீழே கீழே போகும். நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும், ஒன்றும் நடக்காதது போல. ஷாகுலிடம் கொண்டுவந்தால் வண்டி உத்தமி மாதிரி நிற்கும்.

முதல் தடவை பிரேக் பேடை மாற்றினான். இரண்டாம் தடவை சக்கரத்தில் உள்ள பம்பைப் பிரித்து ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டான். மூன்றாம் தடவை மேலே இருக்கிற பெரிய பம்பையே மாற்றினான். ஒவ்வொரு தடவையும் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்து, "ஓக்கேக்கா" என்று சாவியைக் கொடுத்தான்.

மூன்றாம் தடவைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, பங்சாரில் ஒரு இறக்கத்தில் மிதி தரை வரை போய்விட்டது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் ஒரு பெண், பின்னால் பள்ளிச் சீருடையில் குழந்தை. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்து, வண்டியை ஓரத்துச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். அந்தக் குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சாவியை அவன் முன்னால் எறிந்தேன்.

"தம்பி, நேத்து ரெண்டு உயிர் போயிருக்கும். உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு லா. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவன் சாவியை எடுக்கவில்லை.

"அக்கா, இந்தக் கோளாறு ஓடி ஓடிச் சூடானாத்தான் தெரியும். எனக்கு இருக்கிறது எண்பது அடிச் சந்து. ரெண்டாவது கியர் போடுறதுக்குள்ள சுவரு வந்துருது. நாலு வருஷமா எல்லா வண்டிக்கும் இப்படித்தான் பிரேக் பார்க்குறேன். எத்தனை வண்டி என் கையில இருந்து போயி எங்கெங்க நிக்காமப் போச்சோ."

அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசியும் இந்த ஒரு விஷயத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை என்று எனக்கு உறைத்தது. ஆனால் என் புத்தி அங்கேயும் நிற்கவில்லை.

"அப்ப ஏறி உக்காரு. நான் ஓட்டுறேன். எங்க தோட்டம் வரைக்கும் முப்பது கிலோமீட்டர் இருக்கு. வழியிலயே அது தன் வேலையைக் காட்டிரும்."

"வேணாம்க்கா."

"முதலாளி?"

"சிரம்பான்ல கல்யாணம், சாயங்காலம்தான் வருவாரு. ஆனா வேணாம். பிடிச்சாங்கன்னா போச்சு."

"பட்டப்பகல்ல யாரு பிடிக்கப் போறா? எனக்கு இலை ஏத்த உதவிக்கு வந்தேன்னு சொல்லு. நீ சாப்பாட்டுக் கடை ஆளு, நான் இலைக்காரி. இதுல என்ன தப்பு?"

இரண்டு தடவை மறுத்தான். மூன்றாம் தடவை நான் சொன்னது இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. "பயந்துகிட்டே இருந்தா மக கிட்ட அடுத்த வாரமும் பிரேக்னுதான் சொல்லணும்" என்றேன். அவன் ஸ்பேனர்களைப் பையில் போட்டான். சந்தேகத்துக்கு என்று, பிரேக் எண்ணெய் ஓடுகிற புது ரப்பர் ஹோஸ் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டான்.

வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரைத் தகட்டில் ஊன்றிக்கொண்டான். காலால் கேட்கிறானாம். பந்திங் சாலையில் "பிடிங்க, விடுங்க, இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நடுநடுவே தலை வெளியே போய்விடும். பெயர்ப்பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தான். பெட்ரோல் நிலையம், டயர் கடை, மேம்பாலம், எதையும் விடவில்லை. நான்கு வருஷம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, அதை முதல் தடவை பார்க்கிறவன் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, "அக்கா, கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்றான். பிரேக்குக்காகச் சொல்கிறான் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

பாலத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனதும் அந்தக் கருகல் வாசனை வந்தது. "நிப்பாட்டுங்க" என்றான். செம்பனை நிழலில் ஓரங்கட்டினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் ஒவ்வொரு சக்கரத்திலும் நாலு சொட்டு விட்டான். மூன்று சக்கரத்தில் தண்ணீர் வழிந்தது. முன் இடது சக்கரத்தில் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது.

ஜாக்கி போட்டுத் தூக்கினான். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை, பிரேக் அதை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. கை உறையைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தான். மேலே, ஹோஸுக்கு முன்னால் இருக்கிற இணைப்பைத் தளர்த்தினான். சக்கரம் அசையவில்லை. அப்புறம் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்தான். பிரேக் எண்ணெய் பீய்ச்சி அவன் முகத்தில் அடித்தது, கையால் தள்ளியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது.

ஷாகுல் சிரித்தான். முகமெல்லாம் எண்ணெய், சாலையோரத்து மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"ஹோஸ்தான்க்கா. இந்தா பாருங்க, ஹோஸைப் பிடிச்சிருக்கிற இரும்புப் பட்டை. உள்ளுக்குள்ள துரு ஏறி ஊதி, ஹோஸை நசுக்கிருச்சு. வெளிய பாத்தா புத்தம் புதுசு. நீங்க மிதிக்கிற வேகத்துல எண்ணெய் உள்ள போயிருது. கால எடுத்தா திரும்பி வர வழியில்ல."

அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர்தான். கைப்பிரேக்கை நம்பி ஊர்ந்து போனோம். வாசலில் வைத்து இரண்டு பக்கத்து ஹோஸையும் மாற்றினான், துருப்பிடித்த பட்டையைச் சுரண்டி விரித்தான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பதற்கு நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். "மிதிங்க, பிடிச்சுக்கங்க, விடுங்க" என்று கீழேயிருந்து அவன் குரல். முட்டி வலிக்காரரான என் வீட்டுக்காரர் தேநீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவளுக்கு மிதிக்கிறதுன்னா ரொம்பப் பிடிக்கும்பா" என்றார்.

எங்கள் வாழைத் தோட்டத்தை ஒட்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு செம்மண் பாதை போகிறது. நேர்க்கோடு. போலீஸ் வராது, லோரி கூட அந்த நேரத்தில் வராது. சாவியை அவனிடம் நீட்டினேன். வாங்குவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

முதல் தடவை மெதுவாகப் போய் நிறுத்தினான். அடுத்த தடவை வேகமாக. அப்புறம் மூன்றாவது கியர், நான்காவது கியர். புழுதி மட்டும் தெரிந்தது, பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது, திரும்பப் புழுதி. பதினோரு தடவை எண்ணினேன். அப்புறம் சத்தமே இல்லை. இருபது நிமிஷம் ஆளைக் காணோம். நான் பதறிப்போய் நடக்க ஆரம்பித்தபோது வண்டி மெதுவாகத் திரும்பி வந்தது. இறங்கியவன் கண் சிவந்திருந்தது.

"புழுதிக்கா," என்றான்.

நான் நம்பினது போலத் தலையாட்டினேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இவனை வெளியே கொண்டுவந்தவள் நான்தான் என்று ஒரு மிதப்பும் இருந்தது.

மாலைக் கடைகளுக்கான இலைக்கட்டுகளை அவனும் சேர்ந்துதான் ஏற்றினான். வாழைக் கறை பட்டு விரலெல்லாம் கறுத்துவிட்டது. "நல்லதாப் போச்சுக்கா. கிரீஸ் இருந்தாலும் இதுல தெரியாது" என்றான். கிளம்பும்போது எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். யாராவது நிறுத்தினால் அவன் கடை ஆள், கடைக்கு இலை எடுக்க வந்திருக்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

"சரியாக்கா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டியதும் சாலைத் தடுப்பு. காலையில் வரும்போது அது இல்லை. போலீஸும் குடிநுழைவு அதிகாரிகளும் சேர்ந்து நின்றார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். பிரேக் அழகாகப் பிடித்தது, ஒரு குலுக்கல் இல்லை. அதைக் கவனித்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

வந்தவர் இளைஞர், நல்ல சுபாவம். என் லைசென்சைப் பார்த்தார். ஷாகுலின் பர்மிட் நகலை வாங்கிப் படித்தார். சாப்பாட்டுக் கடையா என்று மலாயில் கேட்டார். ஆமாம், இலை எடுக்க வந்தேன் என்று ஷாகுல் தெளிவாகச் சொன்னான். கையைக் காட்டச் சொன்னார். காட்டினான். "கெத்தா பிசாங்" என்றான், வாழைக் கறை. அதிகாரி என் கையையும் பார்த்தார், அதே கறை. பின்னால் இலைக்கட்டுகளைப் பார்த்தார். அசல் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார், முதலாளியிடம் என்றான். இனிமேல் கையில் வைத்திரு என்று சொல்லி நகலைத் திருப்பி நீட்டினார். ஷாகுல் அதை வாங்கக் கையை நீட்டிவிட்டான்.

அதிகாரி வண்டியை ஒரு தட்டுத் தட்டினார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மக்சிக், பழைய வண்டியாச்சே. பிரேக் ஓக்கே கா?"

மக்சிக் என்றால் மலாயில் அத்தை. அன்பாகத்தான் கேட்டார். தன் அம்மாவிடம் கேட்கிற மாதிரி. அதனால்தானோ என்னவோ, மூன்று வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பிரேக்கைப் பற்றி ஒருத்தர் கேட்டுவிட்டார் என்றதும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மலாயில் கடகடவென்று சொன்னேன்.

"ஓக்கேவா? இன்னிக்குத்தான் புதுசாப் போட்டது. இவர்தான் போட்டாரு. கிள்ளான்ல இவர மாதிரி மெக்கானிக் கிடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஷாகுல் என் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான். அதிகாரி நகலைத் திரும்பத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் அப்படியே நின்றுவிட்டது. "மெக்கானிக்?" என்று ஒரு தடவை கேட்டார்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். டயர் மாற்றிக் கொடுத்தான், அவ்வளவுதான் என்றேன். நான் பேசப் பேச அவர் எழுதிக்கொண்டே போனார். வண்டிக்குள் இருந்த ஸ்பேனர் பையை எடுத்து வெளியே வைத்தார்கள். ஷாகுலை ஒரு கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் வெளியே நின்றேன். பின்னால் இலை எல்லாம் ஓரம் சுருண்டு கருத்துப் போனது. ஒரு கட்டைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி சிரம்பானிலிருந்து கிள்ளானுக்குப் போய், அலமாரியைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட சட்டையோடு நின்று, இந்த அம்மா எப்போதும் மிகையாகப் பேசுகிறவர், இவன் என் கடை ஆள்தான் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், இந்தத் தடவை விடுகிறோம், இனி நேரில் வந்து பார்ப்போம், கடையைத் தவிர வேறு எங்கே இவன் இருந்தாலும் இரண்டு பேர்மீதும் கேஸ் என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

முதலாளி என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, இலை போடுங்க, வேணாங்கல. முன்வாசலோட வந்து போட்டுட்டுப் போங்க. பின்பக்கம் வராதீங்க."

சொன்னபடி அதிகாரிகள் வந்தார்கள். முதல் மாதம் இரண்டு தடவை, அப்புறம் ஒரு தடவை. சந்தின் பின்கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் வேறு ஆள், உள்ளூர்க்காரர், நன்றாகத்தான் செய்கிறார் என்கிறார்கள். ஷாகுல் காலை ஆறிலிருந்து இரவு வரை கடைக்குள். எண்பது அடிச் சந்தும் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் பர்மிட் மாற்றித் தரக் கூடாதா என்று நான் முதலாளியிடம் போய் நின்றேன். "முடிஞ்சா நாலு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்க மாட்டேனா அக்கா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

ஷாகுலிடம் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும், "விடுங்கக்கா, நீங்க என்னைப் பெருமையாத்தானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய்ப் படுப்பது? திட்டு வாங்கியிருந்தால் தூங்கியிருப்பேன். இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. உடம்புக்கு என்னவென்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

போன வெள்ளிக்கிழமை மாலை, சனி ஞாயிறுக்கான இலையோடு கடை வாசலில் பிக்கப்பை நிறுத்தினேன். ஷாகுல் வந்து கட்டுகளை இறக்கினான். வெளுத்துப்போன கை, நீரில் ஊறி ஊறிச் சுருங்கிய விரல். நகம் வளர்ந்திருந்தது. இப்போது வெட்டத் தேவையில்லை.

எல்லாம் இறக்கிய பிறகு, "அக்கா, ஒரு பத்து நிமிஷம் வண்டிய எடுக்காம இருப்பீங்களா?" என்றான். கல்லாப் பக்கம் பார்த்தான். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காசோலைப் புத்தகத்தில் எதையோ தேடினார்.

ஷாகுல் ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தான். பானட்டைத் திறந்து வைத்தான். தலைமுடியைக் கையால் கோதிவிட்டு, பின்னால் கடையின் பெயர்ப்பலகை தெரியாத மாதிரி நின்றுகொண்டு போனை உயர்த்தினான். நான் அந்த ஈர ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அய், பச்சை வண்டி. திரும்ப வந்துருச்சா அத்தா?"

"வந்துருச்சும்மா."

"எத்தனை நாளா நீங்க வண்டியே காட்டல. இதுக்கு என்ன ரிப்பேர்?"

"பிரேக்."

"சரி பண்ணிட்டீங்களா?"

"சரி பண்ணிட்டேன். இனிமே அது வராது."

கொஞ்ச நேரம் இன்ஜினைச் சுற்றிக் காட்டினான். பிள்ளை போனை வைத்த பிறகும் பானட்டுக்குள் குனிந்து, பிரேக் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். எதையும் தொடவில்லை. பானட்டை மூடினான். என் கையிலிருந்து ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, நீங்க வந்து நிப்பாட்டும்போது கேட்டேன். பின்னாடி இடது பக்கம் லேசா ஒரு சத்தம் வருது. வேற யார்கிட்டயாவது காட்டிருங்க."